பேரனைப் பார்க்கப் போன இடத்தில் பில் வந்தால்... கணக்கில் வராத செலவுகளை எப்படிச் சமாளிப்பது?

வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் இரவு நேரத்தில் நின்று பார்த்தால், மேலே நாலைந்து பெரிய பெட்டிகளைக் கட்டிக்கொண்டு சென்னைப் பக்கம் திரும்பும் கார்களைப் பார்க்கலாம். பெட்டிகளைச் சுற்றி செலோ டேப், அதன் மேல் மார்க்கர் பேனாவில் பெயர். உள்ளே பண்ருட்டி முந்திரி, கூழ் வடகம், பேத்திக்குப் பட்டுப்பாவாடை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஓய்வு பெற்றவர்கள், கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆசிரியர் வேலை பார்த்தவர்கள், பரங்கிப்பேட்டை, லால்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்று இந்தப் பக்கத்தில் கடல் தாண்டிச் சொந்தம் இல்லாத தெருவே குறைவு.

இந்தப் பயணங்கள் பத்து நாள் டூர் மாதிரி அல்ல. மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு வேலை, பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நாலு மாதம், ஆறு மாதம் என்று நீளும். டிக்கெட், விசா, கொண்டுபோகும் சாமான் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிடுவார்கள். கணக்கில் வராதவைதான் கழுத்தைப் பிடிக்கும்.

வள்ளலார் 1867 மே 23-ல் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. யார், எவர் என்று கேட்காமல் சோறு போடும் ஊர் இது. இங்கிருந்து கிளம்பிப் போகும் பெரியவர்களுக்கு, ஆம்புலன்ஸில் ஏறினாலே தனியாக பில் வரும் தேசத்தைப் புரிந்துகொள்ள கொஞ்ச நாள் ஆகும். புரிந்த பிறகு இன்னொரு ஆபத்து வருகிறது. ‘டாலரில் செலவு வைக்கக் கூடாது’ என்று நெஞ்சு வலியைக்கூட மகனிடம் சொல்லாமல் ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். பணக் கவலை உயிருக்கே வினையாக முடிகிற இடம் அது. செலவைச் சமாளிக்கும் வழி முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்த மறைப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

ஒரு வாரம் என்றார்கள்... இரண்டு வருடம் ஆனது!

எதிர்பாராத செலவு என்றால் என்ன என்பதை ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது 2020. அந்த மார்ச் மாதம் வெளிநாட்டு விமானங்களை இந்தியா நிறுத்தியபோது, ஒரு வாரத்துக்கு என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. வழக்கமான சர்வதேச விமான சேவை மறுபடி முழுமையாகத் தொடங்கியது 2022 மார்ச் 27-ம் தேதி. இடையில் இரண்டு ஆண்டுகள்.

ஏப்ரலில் ஊர் திரும்ப டிக்கெட் வைத்திருந்த அப்பா அம்மாக்கள் அமெரிக்காவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் மாட்டிக்கொண்டார்கள். கொண்டுபோன மாத்திரை தீர்ந்தது. இன்ஷூரன்ஸ் காலாவதியானது, அதைப் புதுப்பிக்கப் பணம். அமெரிக்காவில் தங்கும் அனுமதி முடியப்போகிறவர்கள் ஐ-539 என்ற படிவத்தைப் போட்டு நீட்டிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கட்டணம்.

2020 மே 7-ல் ‘வந்தே பாரத்’ சிறப்பு விமானங்கள் தொடங்கின. பயணக் கட்டணம் பயணியின் பாக்கெட்டிலிருந்துதான். லண்டனிலிருந்து வர 50,000 ரூபாய், சிகாகோவிலிருந்து டெல்லி வழியாக ஹைதராபாத் வர சுமார் ஒரு லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. ஒரு வழிக்கு மட்டும். இறங்கியதும் தனிமைப்படுத்தல், அதில் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்தால் அதற்கும் சொந்தப் பணம். ஏற்கெனவே வாங்கிய ரிட்டர்ன் டிக்கெட் பணமோ விமான நிறுவனத்திடம் முடங்கிக் கிடந்தது. ஊரடங்கு காலத்தில் ரத்தான டிக்கெட்டுகளுக்கான பணம் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-ல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தப் பிரச்னைக்கு ஒரு வடிவம் கிடைத்தது. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கு, ஏஜென்ட் வழியாகவே பணம் திரும்பும் என்றது அந்தத் தீர்ப்பு. ஏஜென்ட்டிடம் ரசீது வாங்காமல் ‘தெரிஞ்ச தம்பிதான்’ என்று காசைக் கொடுத்தவர்களுக்கு அது கசப்பான பாடம்.

பக்கத்து நாடும் விதிவிலக்கு இல்லை. கொழும்பில் சிக்கியவர்களை அழைத்துவர கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலஷ்வாவே போக வேண்டியிருந்தது. 685 பேருடன் அது தூத்துக்குடி வந்து சேர்ந்தது 2020 ஜூன் 2-ல்.

கொரோனா அடிக்கடி வராது, சரி. ஆனால் 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியை மூடியது. 2024 ஏப்ரல் 16-ல் துபாய் விமான நிலையமே மழை வெள்ளத்தில் மிதந்தது. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதில் தோஹா வழியாகப் போக இருந்தவர்களின் பயணம் குலைந்தது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, லண்டன், ஃப்ராங்ஃபர்ட் என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். அந்த ‘எங்காவது’ ஊரில் இரண்டு நாள் உட்கார நேர்ந்தால் என்ன செய்வது என்பது ஒவ்வொரு வடலூர்க் குடும்பமும் யோசிக்க வேண்டிய கேள்விதான்.

இதில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. ஐயாயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால், தவறவிட்ட விமானத்துக்குப் புது டிக்கெட் உங்கள் செலவு. குடும்பமாக நாலு பேர் என்றால் அந்த ஐயாயிரம் மிச்சம் லட்சங்களில் போய் முடியும்.

ஐரோப்பிய விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானம் ரத்தானால், அந்த நாடுகளின் சட்டப்படி சாப்பாடும் இரவு தங்க ஹோட்டலும் விமான நிறுவனம் தர வேண்டும். எரிமலை போன்ற இயற்கைக் காரணம் என்றாலும் இந்தப் பொறுப்பு உண்டு. நிறுவனத்தின் தவறால் ரத்தானால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடும் கேட்கலாம். கவுன்டரில் தானாக யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டும். கையிலிருந்து செலவழித்திருந்தால் காபி பில் உட்பட எல்லா ரசீதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரி பில்... அரண்டுபோக வேண்டாம்!

நீண்ட பயணத்தில் குடும்பத்தை உலுக்கிவிடக்கூடிய ஒரே செலவு மருத்துவம்தான். மற்றதெல்லாம் வலிக்கும், இது சேமிப்பையே கரைக்கும்.

‘இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா?’ என்று கேட்டால் ‘ஏஜென்ட் ஏதோ போட்டுக் கொடுத்தார்’ என்பதுதான் பலரின் பதில். அந்த ‘ஏதோ’ என்னவென்று கிளம்பும் முன்பே பார்ப்பது அவசியம். பார்வையாளர்களுக்கான பாலிசிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, ஒரு அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தொகை முன்பே எழுதியிருக்கும். ஆஸ்பத்திரி பில் எவ்வளவு வந்தாலும் கிடைப்பது அந்தத் தொகைதான். பிரீமியம் குறைவாக இருப்பதன் ரகசியம் இது. இன்னொரு வகையில், முதல் 250 அல்லது 500 டாலர் போன்ற ஒரு தொகையை நீங்கள் கட்டிய பிறகு, மொத்த வரம்பு வரை பில்லின் பெரும்பகுதியை கம்பெனி ஏற்கும். பிரீமியம் கூடுதல். அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதம் அமெரிக்காவில் இருக்கப்போகிறார்கள் என்றால் இரண்டாவது வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் போகாது. எழுபது வயதுக்கு மேல் பல பாலிசிகளில் மொத்த வரம்பே சுருங்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது சர்க்கரையும் பி.பி.யும். நம் வீட்டுப் பெரியவர்களில் இவை இல்லாதவர்கள் அபூர்வம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான சிகிச்சையைப் பெரும்பாலான பார்வையாளர் பாலிசிகள் ஏற்பதில்லை. ஆனால், ‘இருக்கும் நோய் திடீரெனத் தீவிரமானால்’ அதற்கான அவசர சிகிச்சையை ஒரு வரம்பு வரை ஏற்கும் பாலிசிகள் உண்டு. ஆங்கிலத்தில் ‘அக்யூட் ஆன்செட்’ என்று அந்தப் பிரிவுக்குப் பெயர். பாலிசியில் அந்த வார்த்தை இருக்கிறதா, எந்த வயது வரை, எவ்வளவு தொகை வரை என்று மகனையோ மகளையோ விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரை இல்லை என்று டிக் செய்துவிட்டு, அங்கே போய் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன் என்றால், க்ளெய்ம் நிராகரிக்கப்படும்போது யாரையும் குறை சொல்ல முடியாது.

சரி, நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. என்ன செய்வது? 911-ஐ அழைப்பதுதான். யோசிக்கவே கூடாது. அமெரிக்காவில் 1986-ம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளியிடம் பணம் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்து ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப முடியாது. பரிசோதித்து, உயிராபத்து நீங்கும் வரை சிகிச்சை தந்தாக வேண்டும். பில் பிறகுதான்.

அந்த பில் ஒரே கவரில் வராது. ஆஸ்பத்திரி ஒன்று, டாக்டர் ஒன்று, ஸ்கேன் பார்த்தவர் ஒன்று, ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று, ஆம்புலன்ஸ் ஒன்று என வாரக்கணக்கில் தபாலில் வந்துகொண்டே இருக்கும். பெரியவர் ஊர் திரும்பி தைப்பூசத்துக்கு ஞானசபையில் ஜோதி பார்த்துவிட்டு வந்த பிறகும்கூட மகன் வீட்டுக்கு ஒரு கவர் வரலாம். முதல் பில்லைப் பார்த்ததும் பதறி க்ரெடிட் கார்டைத் தேய்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்தச் சேவைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் விவரமான பில். செய்யாத பரிசோதனை, இரண்டு முறை ஏறிய கட்டணம் எல்லாம் அதில்தான் தெரியவரும். அதை இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லும் கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

அதன் பிறகும் பெரிய தொகை பாக்கி இருந்தால்? அமெரிக்காவில் லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகள், வருமானம் குறைந்தவர்களுக்கு பில்லைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ எழுத்துப்பூர்வமான உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வரிச் சட்டத்தின் நிபந்தனை. டிஸ்சார்ஜுக்குப் பின் வரும் முதல் பில் தேதியிலிருந்து 240 நாள்கள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் பொருந்துமா என்பது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அது பொருந்தாவிட்டால், வட்டியில்லாத தவணை கேட்கலாம். ஒரே தவணையில் கட்டினால் தள்ளுபடி உண்டா என்று பேரம் பேசலாம். கடலூர் மீன் மார்க்கெட்டில் பேரம் பேசும் அம்மாக்கள், அமெரிக்க பில்லிங் அலுவலகத்தில் வாயடைத்துப்போகத் தேவையில்லை.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுளுக்கு மாதிரியான தொந்தரவுகளுக்கு எமர்ஜென்சிக்கு ஓட வேண்டாம். ‘அர்ஜென்ட் கேர்’ என்ற சிறு மருத்துவமனைகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கும்; கட்டணம் பல மடங்கு குறைவு. அவசரமில்லாத சிகிச்சையை முன்பதிவு செய்து சொந்தப் பணத்தில் செய்துகொள்வதானால், எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்க 2022-லிருந்து சட்டம் இடம் தருகிறது. மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாக பில் போட்டால் எதிர்த்து முறையிடலாம்.

மற்ற நாடுகளின் கதை வேறு. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் அங்கே பாதிப் பிரச்னை விசா வாங்கும்போதே தீர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் பார்வையாளர்களுக்கு வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு. சிங்கப்பூர் அரசு மருத்துவமனையில் அந்நாட்டவருக்குக் கிடைக்கும் மானியம் சுற்றுலா வந்தவருக்குக் கிடையாது.

கிளம்பும் முன் இங்கேயே முடிக்க வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பல் சிகிச்சையைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை; ஆடும் பல்லோடு போய் அங்கே வேர் சிகிச்சை செய்துகொண்டால் விமான டிக்கெட் விலை வந்துவிடும். கண்ணாடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். சீட்டில் பிராண்டு பெயர் மட்டும் போதாது, மருந்தின் பெயரும் இருக்க வேண்டும். நம் ஊர் பிராண்டை அங்கே யாருக்கும் தெரியாது. அமெரிக்காவுக்குப் பொதுவாக 90 நாளைக்கான மருந்து கொண்டுபோகலாம் என்பது கணக்கு. ஆறு மாதம் தங்குகிறவர்கள் மீதியை எப்படிப் பெறுவது என்று முன்பே திட்டமிட வேண்டும். இங்கத்திய டாக்டர் சீட்டைக் காட்டி அங்கத்திய மெடிக்கலில் மாத்திரை வாங்க முடியாது.

ஊரிலிருந்து வரும் போன்

பேசத் தயங்குகிற செலவு இது. மூன்றாவது மாதத்தில் ஊரில் ஒரு சாவு. உடனே திரும்ப வேண்டும். கடைசி நேர டிக்கெட்டின் விலை, சாவகாசமாக வாங்கிய டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குகூட இருக்கும். மாற்றக்கூடிய ரிட்டர்ன் டிக்கெட்டாக இருந்தால் மாற்றுக் கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டினால் போதும். மாற்றவே முடியாத மலிவு டிக்கெட் என்றால் புதிதாக வாங்க வேண்டியதுதான். பெரியவர்கள் பயணம் செய்யும்போது மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. நெருங்கிய உறவினர் மறைவால் பயணத்தைப் பாதியில் முடிக்க நேர்ந்தால் செலவைத் தரும் பிரிவு சில பாலிசிகளில் உண்டு. ‘நெருங்கிய உறவினர்’ என்ற பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரியம்மா, சித்தப்பா எல்லாம் நமக்குத்தான் நெருக்கம், பாலிசிக்கு அப்படி இல்லை.

போன இடத்திலேயே உயிர் பிரிந்தால், உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் நல்ல பாலிசி ஏற்கும். எந்த வழியும் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கு, இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இருக்கும் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து உதவி கேட்கலாம். உடலைக் கொண்டுவருவது, அவசர மருத்துவம், தங்குமிடம், ஊர் திரும்ப டிக்கெட் என்று தகுதியைப் பார்த்து உதவுகிறார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்து, தூதரகத்தில் ‘எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட்’ வாங்கி இந்தியா திரும்பலாம். பாஸ்போர்ட், விசா நகல்கள் மகன், மகள், ஊரில் ஒருவர் என்று மூன்று பேர் போனில் இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

கார்டு, கேஷ், கசகசா!

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதிலும் கண்ணுக்குத் தெரியாத செலவு இருக்கிறது. இந்திய க்ரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவிகிதம் வரை மாற்றுக் கட்டணம், அதன் மேல் ஜி.எஸ்.டி. மூன்றரை சதவிகிதக் கார்டில் இரண்டு லட்சம் செலவழித்தால் 8,260 ரூபாய் சும்மா போகும். இந்தக் கட்டணம் இல்லாத, குறைந்த கார்டுகளும் ஃபாரெக்ஸ் கார்டுகளும் இருக்கின்றன. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரித்து வாங்கலாம். கடையில் மெஷினே ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா?’ என்று கேட்டால், எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி தோன்றும். அந்த மாற்று விலையில்தான் கடைக்காரர் தரப்புக்கு லாபம் ஒளிந்திருக்கிறது.

சிங்கப்பூர், அமீரகம், இலங்கை, மொரீஷியஸ், நேபாளம், பூட்டான், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் யு.பி.ஐ. ஏற்கும் கடைகள் இருக்கின்றன. எல்லாக் கடையிலும் இல்லை. ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனையை இயக்கி வைத்தால்தான் வேலை செய்யும். ரொக்கமாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அந்நியப் பணம் எடுத்துப்போகலாம். இந்திய ரூபாய் நோட்டு 25,000 வரை.

டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரி முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், முன்பணம் கட்டும் நாளில் கேட்டுக்கொள்வது நல்லது. ‘திடீர்னு இவ்வளவு சேர்த்துட்டாங்களே’ என்று ஏஜென்ட்டிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். வருமான வரியே கட்டாத அம்மா பெயரில் பிடித்திருந்தால், அவர் பெயரில் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். இதைச் செய்யாமல் விட்டுவிடும் குடும்பங்கள்தான் அதிகம்.

இனி சமையலறை. சிங்கப்பூருக்கும் அமீரகத்துக்கும் கசகசா கொண்டுபோகக் கூடாது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். குருமாவுக்கு எடுத்துவைத்த ஐம்பது கிராம் பொட்டலம், அபராதத்தைத் தாண்டி வழக்குவரை இழுத்துவிடும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உணவுப் பொருள் எது இருந்தாலும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். பெட்டியை வீட்டுத் தராசில் எடை போட்டுக் கட்டுங்கள். விமான நிலையத்தில் எடை கூடினால் கட்டும் காசுக்கு, பண்ருட்டி முந்திரியை அங்கேயே இரண்டு மடங்கு விலையில் வாங்கிவிடலாம்.

பெட்டி வந்து சேரவில்லையா? விமான நிலையத்தைவிட்டு வெளியே வருமுன் புகார் எழுதிக்கொடுத்து எண் வாங்க வேண்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். ஒருவருக்கான உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். வாங்கிய உள்ளாடை, பேஸ்ட், பிரஷ் வரை ரசீது இருந்தால்தான் பேச முடியும். மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பூட்டிய வீடும் ஓய்வூதியமும்

ஆறு மாதப் பயணம் என்றால் மூன்று கரன்ட் பில். கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். திரும்பி வந்ததும் இருட்டு வீட்டில் அபராதக் கணக்கோடு நிற்க வேண்டியிருக்கும். வாழ்நாள் சான்றை மறந்தால் இன்னும் சிக்கல். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டும். 80 வயதானவர்கள் அக்டோபரிலிருந்தே கொடுக்கலாம். இ.பி.எஸ். பென்ஷன் வாங்குபவர்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், அன்றிலிருந்து ஓராண்டு செல்லும். அதனால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் கொடுத்துவிட்டுப் போனால் பென்ஷன் நிற்காது. வெளிநாட்டில் கையைக் கடிக்கும் நேரத்தில் மாதப் பென்ஷனும் நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்திய சிம்மை அணைத்துவிடாதீர்கள். வங்கியின் ஓ.டி.பி. அதில்தான் வரும். கிளம்பும் முன் நீண்ட நாளுக்கு ரீசார்ஜ் செய்து, ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று உறுதிசெய்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். பேக் போடாமல் டேட்டா ஓடினால் பேரனின் வீடியோ ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் பில் வரும்.

கையிருப்பாக எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டால், ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு கடைசி நேர ஒருவழி டிக்கெட், இன்ஷூரன்ஸில் நீங்கள் கட்ட வேண்டிய முதல் தொகை, கூடவே பதினைந்து நாள் ஹோட்டல் செலவு. இதைக் கூட்டி, வேறு எதற்கும் தொடாத ஒரு கணக்கில் போட்டு, அதற்கு மட்டும் ஒரு கார்டு வைத்துக்கொள்ளலாம். பணம் மகனுடையதா, அப்பாவுடையதா என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுவது உத்தமம். ‘ஆஸ்பத்திரி செலவு வந்தால் இந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம், நீங்க வலியை மறைக்க வேண்டாம்’ என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பெரியவர்கள் ஓமத்தண்ணீரைத் தேட மாட்டார்கள்.

ஊர் திரும்பியதும் களைப்பில் பெட்டியை மூலையில் போட்டுவிடுவார்கள். அதில் இருக்கும் போர்டிங் பாஸ், டாக்டர் சீட்டு, ரசீதுகள் எல்லாம் பணம். க்ளெய்முக்குக் கெடு எத்தனை நாள் என்பது பாலிசியின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். முந்திரி டப்பாவைக் காலி செய்யும் முன் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள்.